ஊர் நலத்துக்கான மாணவர் திட்டம்: பணத்தை எங்கே கேட்பது?

கல்லூரியில் படிக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் ஊரின் சுகாதாரச் சிக்கலுக்குப் புதிய வழி ஒன்றை யோசித்து, அதைச் செய்து பார்க்கப் பணம் தேடத் தொடங்கும்போது, வழியே இல்லாமல் தவிப்பதைவிட வழிகள் பலவாக இருப்பதால் தவிப்பதே அதிகம். கல்லூரி நிதி, அரசு மானியம், கம்பெனிகள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம், முன்னாள் மாணவர் நன்கொடை என்று நான்கு கதவுகள் பாதி திறந்து நிற்கின்றன. நான்கையும் ஒரே நேரத்தில் தட்டி, நான்குக்கும் நான்கு விதமாகத் திட்டத்தை எழுதி, எழுதிய களைப்பு தீர்வதற்குள் பருவத் தேர்வில் போய் விழுந்த குழுக்களை வழிகாட்டி என்ற முறையில் நான் பார்த்திருக்கிறேன். எதை முதலில் தட்டுவது, எதைத் தட்டவே வேண்டாம் என்று முடிவெடுக்கத் திணறுகிறவர்களுக்காக இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, ஒரு கற்பனைத் திட்டத்தை முன்னால் வைத்துக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில், பல்லில் கறையேற்றும் ஃபுளோரைடு மிகுதி. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. இந்தச் சிக்கலுக்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளிலும், காட்டு வேலையின்போதும் போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பது நின்றுவிடாது. பொறியியல் மாணவர் மூவர், பல் மருத்துவ மாணவி ஒருவர், எம்.பி.பி.எஸ். மாணவர் ஒருவர் சேர்ந்து ஓர் ஊராட்சியின் எல்லாப் போர்களையும் அடிபம்புகளையும் மழைக்கு முன்பும் பின்பும் சோதித்து, வேதிக்கரைசலின் நிறமாற்றத்தைக் கைப்பேசிக் கேமரா வழியாக அளந்து, குடிக்கத் தகுந்தது எது, தகாதது எது என்று பெயிண்டால் குறியிட்டு, அந்தச் சோதனையை ஊர் மகளிருக்குக் கற்றுக்கொடுக்க நினைக்கிறார்கள் என்று வையுங்கள். வேதிக்கரைசல், பிளாஸ்டிக் பாட்டில்கள் (ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடிப் பாட்டில் உதவாது), பஸ் கட்டணம், பெயிண்ட், ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டணம் எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

தொகையின் அளவைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். என் கணிப்பில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. அதற்கு முன் பார்க்க வேண்டியவை ஐந்து.

முதலாவது காலம். விண்ணப்பித்த நாளிலிருந்து பணம் கைக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்பதும், அந்த மாதம் திட்டத்தின் எந்தக் கட்டத்தில் விழும் என்பதும் முக்கியம். மழைக்கு முந்திய மாதிரியை ஏப்ரல், மே மாதங்களில் எடுத்தாக வேண்டிய குழுவுக்கு ஜூலையில் வரும் ஐந்து லட்சத்தைவிட மார்ச்சில் வரும் இருபதாயிரம் பெரிய தொகை. இரண்டாவது, பணம் யார் கணக்கில் வந்து விழுகிறது, காசோலையில் யார் கையெழுத்து என்பது. மாணவர் திட்டம் என்று பெயர் இருந்தாலும் ஏறக்குறைய எல்லா வழிகளிலும் பொறுப்பாளராகப் பதிவாகிறவர் ஓர் ஆசிரியர்தான். அவர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மூன்றாவது, எதற்குச் செலவழிக்கலாம் என்ற கட்டுப்பாடு. கருவி வாங்கலாம், பயணச் செலவு கூடாது என்பார்கள்; அல்லது நேர்மாறாக. நான்காவது, தரவும் கண்டுபிடிப்பும் யாருக்குச் சொந்தம் என்பது. ஐந்தாவதுதான் மிகவும் மறக்கப்படுவது: இந்த ஐவரும் படிப்பை முடித்துப் போன பிறகு, அடுத்த புட்டி வேதிக்கரைசலை யார் வாங்குவார்கள்?

இவற்றோடு, எந்தப் பணமானாலும் தப்பிக்க முடியாத ஒரு செலவும் உண்டு. தண்ணீரை மட்டும் சோதிக்கும்வரை சிக்கல் இல்லை. ஒரு பிள்ளையை வாயைத் திறக்கச் சொன்ன கணமே அது மனிதர்களை உட்படுத்திய ஆய்வாகிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். பெற்றோரின் எழுத்துபூர்வ இசைவும், ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சொந்தச் சம்மதமும் வேண்டும். பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் அப்படி ஒரு கமிட்டியே இருப்பதில்லை என்பதால், மருத்துவக் கல்லூரியின் கமிட்டி எப்போது கூடும் என்று பார்த்துக் காத்திருக்க நேரும். இது பணச் செலவு அல்ல, மாதச் செலவு. பணம் வந்த பிறகு இதைத் தொடங்குகிறவர்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

## கல்லூரிக்குள்ளேயே இருக்கும் பணம்

இதைக் கௌரவக் குறைவாக எண்ணித் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் நடக்கிறது. ஒவ்வொரு தொண்டரும் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் சிறப்பு முகாமும் நடக்கும். கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்க 2014இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரி குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்திருக்கும். அதாவது ஊரோடு உறவு, ஊராட்சித் தலைவரின் அறிமுகம், கடிதத் தலைப்பு, தங்க ஒரு பள்ளிக் கட்டடம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஐவர் குழு மூன்று மாதம் அலைந்து எடுக்கும் மாதிரிகளை, முகாமில் நாற்பது ஐம்பது பேர் கைகொடுத்தால் ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம். இந்த உழைப்பைப் பணமாக மாற்றிப் பார்த்தால் பல மானியங்களைவிட இது பெரியது.

மறைந்திருக்கும் செலவு வேறு மாதிரியானது. முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும், பில்லைக் கொடுத்தால் பிறகு திருப்பித் தருவார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது தொந்தரவு. விடுதிக் கட்டணத்துக்கே கடன் வாங்கும் பிள்ளைக்கு இது தடை. ஷேர் ஆட்டோக்காரரும் டீக்கடைக்காரரும் ஜிஎஸ்டி பில் தருவதில்லை. வேதிக்கரைசலுக்கு மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பார் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். அந்த மாவட்டத்தில் அதை விற்கும் கடையே ஒன்றாக இருக்கலாம். நான் வழிகாட்டிய ஒரு குழுவில், எட்டாயிரம் ரூபாயைத் திரும்பப் பெறுவதற்குள் அதைத் தன் கைக்காசிலிருந்து செலவழித்த மாணவன் பட்டமே வாங்கிவிட்டான்.

முகாம் தேதியைத் தீர்மானிப்பது மழை அல்ல, தேர்வு அட்டவணை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் ஒரு சாதகத்தை மாணவர்கள் துணிந்து பயன்படுத்தலாம்: கல்லூரிகளின் தரத்தை எடைபோடும் 'நாக்' அமைப்பின் மதிப்பீட்டில் ஆராய்ச்சி, புத்தாக்கம், விரிவாக்கப் பணி ஆகிய மூன்றும் ஒரே அளவுகோலின் கீழ் வருவதால், இப்படிப்பட்ட திட்டம் கல்லூரிக்கும் தேவை. முதல்வரிடம் உதவி கேட்டுப் போவதற்கும், கல்லூரிக்குத் தேவையான ஒன்றை எடுத்துக்கொண்டு போவதற்கும் வேறுபாடு உண்டு. பேனரோடு ஒரு போட்டோ எடுத்ததும் ஆர்வம் வடிந்துவிடும் அபாயமும் இதே காரணத்தால்தான் வருகிறது.

யோசனை இன்னும் சோதிக்கப்படாதபோது, தேவை முப்பதாயிரத்துக்குள் இருக்கும்போது, இதுவே சிறந்த வழி.

## அரசு மானியமும் உதவித்தொகையும்

இந்தப் பெயரின் கீழ் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல திட்டங்கள் கிடக்கின்றன. குழப்பத்தின் பெரும்பகுதி இங்கேதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால மாணவர் உதவித்தொகை 1979 முதல் வழங்கப்படுகிறது. இது குழுவுக்கானது அல்ல, ஒரு வழிகாட்டியின் கீழ் ஒரு மாணவர் இரண்டு மாதம் செய்யும் ஆய்வுக்கானது. இளநிலை மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்கென உருவானது. தொகை கைக்கு வருவது அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே. ஆகவே இதை நம்பிப் பாட்டில் வாங்க முடியாது. ஆனால் நம் எடுத்துக்காட்டில் இருக்கும் பல் மருத்துவ மாணவி, பிள்ளைகளின் பற்கறையை அளவிடும் பகுதியைத் தனி ஆய்வாகப் பிரித்து இதற்கு விண்ணப்பித்தால், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல், மாதிரி அளவு, புள்ளியியல் ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் செய்ய அது அவரைக் கட்டாயப்படுத்தும். அந்த ஒழுங்குதான் இதன் உண்மையான பயன்.

தமிழ்நாடு அறிவியல் மற்றும் தொழில்நுட்ப மாநில மன்றம் இறுதியாண்டு மாணவர் திட்டங்களுக்குத் தரும் உதவி சில ஆயிரம் ரூபாய் அளவிலானது. தொகை சிறிதென்றாலும், அரசு அமைப்பு ஒன்று ஏற்ற திட்டம் என்ற அடையாளம் அடுத்த விண்ணப்பத்தில் எடை கூட்டும். தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் 2 லட்சம், 5 லட்சம் என இரண்டு வரம்புகளில் வழங்கப்படுகிறது. உயிரித் தொழில்நுட்பத்தை ஊக்குவிக்கும் மத்திய அரசின் பைராக் அமைப்பு தரும் 'பிக்' மானியமோ 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை போகும்.

இங்கே ஒரு பிளவைக் கவனிக்க வேண்டும். வவுச்சரும் பிக்கும் பொருளை உருவாக்கிச் சந்தைக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கானவை. நம் ஐவரின் திட்டத்தில் கைப்பேசியால் நிறத்தை அளக்கும் பகுதி அதற்குப் பொருந்தும். போர்களுக்குப் பெயிண்ட் அடிப்பதும் மகளிருக்குக் கற்றுத்தருவதும் பொருந்தாது. பணத்துக்காகத் திட்டத்தை வளைத்து, ஊரை விட்டுவிட்டு ஆப்பை மட்டும் எழுதி முடித்த குழுக்கள் உண்டு. விண்ணப்பத்தில் இருக்கும் கேள்விகள் மெல்ல மெல்ல உங்கள் நோக்கத்தை மாற்றிவிடும் என்பதே இந்த வழியின் மிகப் பெரிய மறைமுகச் செலவு. அடுத்தது யூசி எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழ்: தணிக்கை செய்த கணக்கைத் தராமல் அடுத்த தவணை வராது, அதைத் தயாரிக்கும் வேலை மாணவர் தலையில்தான் விழும்.

கருவியோ செயல்முறையோ உண்மையிலேயே புதிதாக இருந்து, குழுவில் ஒருவராவது படிப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு இதில் நிற்கத் தயாராக இருந்தால் பெரிய மானியத்துக்குப் போகலாம். அப்படி ஒருவர் இல்லையென்றால் போக வேண்டாம்.

## கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம்

கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அச்சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் நோய்த்தடுப்பு, சுகாதாரம், பாதுகாப்பான குடிநீர் ஆகியவை முதல் வரியிலேயே இருக்கின்றன. ஓசூர் போன்ற தொழில் நகரம் பக்கத்தில் இருக்கும்போது இது எளிதாகத் தோன்றும்.

ஆனால் மாணவர் குழு இந்தப் பணத்தை நேரடியாக வாங்க முடியாது. வாங்கும் அமைப்பு பதிவு பெற்ற அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ லாப நோக்கமற்ற 8ஆம் பிரிவுக் கம்பெனியாகவோ இருந்து, வருமான வரிச் சட்டத்தின் 12ஏ (அமைப்புக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிக் கழிவு) பதிவுகளோடு, 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவும் வைத்திருக்க வேண்டும். கம்பெனி தானே நிறுவாத அமைப்பாக இருந்தால் மூன்று ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டும். எனவே "நாங்களே ஒரு டிரஸ்ட் ஆரம்பித்துவிடுகிறோம் சார்" என்று வருகிறவர்களை நான் தடுத்துவிடுவேன். தனியார் கல்லூரி என்றால் அதை நடத்தும் அறக்கட்டளைக்கு இந்தப் பதிவுகள் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். அரசுக் கல்லூரி என்றால் முன்னாள் மாணவர் சங்கத்தையோ, அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தையோ அணுகலாம். எப்படியானாலும் நடுவில் ஒருவர் வருவார். அவருக்கென்று ஒரு நிர்வாகச் செலவும், அதைவிட முக்கியமாக, ஒரு கருத்தும் இருக்கும்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடப்பதைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. அந்த நிதியாண்டில் செலவாகாத தொகையை, தொடரும் திட்டத்துக்கானது என்றால் தனி வங்கிக் கணக்குக்கும், அல்லாவிட்டால் அரசு குறிப்பிட்ட நிதிகளுக்கும் மாற்றியாக வேண்டும். ஆகவே மார்ச் நெருங்கும்போது, உடனே செலவழிக்கத்தக்க திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று அவர்களே தேடத் தொடங்குவார்கள். எத்திக்ஸ் ஒப்புதல், ஊராட்சியின் கடிதம், பொருட்களின் விலைப்பட்டியல் மூன்றும் தயாராக இருக்கும் குழு அந்தச் சமயத்தில் இரண்டே வாரத்தில் பணம் பெறக்கூடும். கோடையில் மாதிரி எடுக்கவும் அது சரியாகப் பொருந்தும். ஆனால் அந்தப் பணத்தில் "மார்ச் 31க்குள் கருவியாக வாங்கிவிடுங்கள்" என்ற அழுத்தம் ஒட்டிக்கொண்டு வரும். பில் போட வசதியாக இருப்பது கருவி, வசதியில்லாதது பஸ் கட்டணம். விலையுயர்ந்த மீட்டர் ஒன்று பெட்டியில் இருக்க, அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகக் காசில்லாத நிலை இப்படித்தான் வருகிறது.

தள்ளுபடி செய்துவிட முடியாத ஒரு நன்மையும் இந்த விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. சிஎஸ்ஆர் பணத்தில் வாங்கிய சொத்தைக் கம்பெனி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது; பதிவு பெற்ற அமைப்போ, பொது அதிகார அமைப்போ, பயனாளிகளின் சுயஉதவிக் குழுவோதான் வைத்திருக்கலாம். சோதனைக் கருவியை முதல் நாளிலிருந்தே மகளிர் குழுவின் பெயரில் எழுதிவிட இது வழி செய்கிறது. ஐந்தாவது அளவுகோலுக்கு இவ்வளவு நேரடியான பதில் மற்ற மூன்று வழிகளிலும் இல்லை.

இன்னொன்று: விளம்பர நோக்கத்தில் தரும் ஸ்பான்சர் தொகை சிஎஸ்ஆர் கணக்கில் வராது. கல்லூரி ஹேக்கத்தான் மேடையில் கம்பெனிப் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுக்கும் காசோலை அவர்களுடைய விளம்பரத் துறையின் பணம். அதை வாங்குவதில் தவறில்லை. அதை நம்பி இரண்டாம் ஆண்டைத் திட்டமிடுவதுதான் தவறு.

தொழிற்சாலையின் சொந்தக் கழிவே ஊரின் நோய்க்குக் காரணமாக இருக்கக்கூடிய இடத்தில் அந்தக் கம்பெனியின் பணத்தில் ஆய்வு செய்யாதீர்கள். ஃபுளோரைடு அந்தப் பாறையிலிருந்தே வருவதால் நம் எடுத்துக்காட்டில் இந்தச் சங்கடம் இல்லை. சாயக் கழிவு, தோல் கழிவு என்றால் கதை வேறு.

## முன்னாள் மாணவர்களும் இணைய வழி நன்கொடையும்

வேகத்தில் இதற்கு ஈடில்லை. 1998 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போதும், அன்றிரவே பணம் வந்துவிடும். கட்டுப்பாடும் குறைவு, பஸ் கட்டணத்துக்குத் தயங்காமல் எடுக்கலாம்.

கணக்கில் மூன்று முள் இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் முன்னாள் மாணவர் இந்தியக் குடியுரிமையோடு இருந்து தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே சிங்கப்பூர்க் குடியுரிமையோ அமெரிக்கக் குடியுரிமையோ பெற்றுவிட்டிருந்தால் ஆகிவிடும், வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவில்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. 80ஜி ரசீதைக் காட்டி ஈர்க்கலாம் என்றால், புதிய வரி முறையைத் தேர்ந்த சம்பளக்காரருக்கு அந்தக் கழிவு கிடையாது. இணையத் தளங்கள் வழியாகத் திரட்டினால் தளத்துக்கான கட்டணமும், பணப் பரிமாற்றக் கட்டணமும், அவற்றின் மேல் ஜிஎஸ்டியும் கழியும்.

நான்காவதைக் கணக்கில் எழுத முடியாது. இணையத்தில் பணம் சேர்வது முகத்தைக் காட்டினால்தான். மஞ்சளும் பழுப்புமாகக் கறையேறிய பல்லோடு சிரிக்கும் பத்து வயதுப் பெண்ணின் படத்தைப் போட்டால் நன்கொடை கூடும். அந்தப் படம் அவளுக்கு இருபது வயதாகும்போதும் இணையத்தில் இருக்கும். ஊர்ப்பெயரைப் போடுவதிலும் இதே சிக்கல் உண்டு. முகமும் ஊர்ப்பெயரும் இல்லாமல், அளவீடுகளையும் வரைபடத்தையும் வைத்து மட்டுமே கேட்க முடியுமானால் இந்த வழியில் போகலாம்.

## அட்டவணையாகப் பார்த்தால்

| | கல்லூரி நிதி | அரசு மானியம் | சிஎஸ்ஆர் | நன்கொடை |
|---|---|---|---|---|
| பணம் வரும் வேகம் | வாரங்கள். ஆனால் முன்செலவு உங்களுடையது | பல மாதங்கள் | மார்ச்சை ஒட்டி வேகம், மற்ற நேரம் மந்தம் | நாட்கள் |
| யார் கணக்கில் | கல்லூரி | கல்லூரி, அல்லது தனிநபர், அல்லது நிறுவனம் | பதிவு பெற்ற அமைப்பு | சங்கம் அல்லது இணையத் தளம் |
| எளிதில் அனுமதிக்கும் செலவு | முகாம், பயணம் | பொருள் உருவாக்கம், ஆய்வு | கருவி, பயிற்சி | எதுவும் |
| மறைமுகச் செலவு | பில் அலைச்சல் | நோக்கம் வளைதல், யூசி | நடு அமைப்பின் தலையீடு | ஊர் மக்களின் அந்தரங்கம் |
| மாணவர் போன பின் | அடுத்த பேட்ச் எடுத்தால் உண்டு | நிறுவனமானால் உண்டு | சொத்து ஊரிடமே நிற்கலாம் | பெரும்பாலும் இல்லை |

## நம் ஐவர் என்ன செய்யலாம்

நான் அவர்களுடைய வழிகாட்டியாக இருந்தால், நவம்பரில் எத்திக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பிக்கச் சொல்வேன்; வழிமுறையைப் பழகிக்கொள்ள மழை ஓய்ந்த ஜனவரியில், கல்லூரி நிதியில், ஒரே ஒரு குக்கிராமத்தில் பதினைந்து போர்களை மட்டும் சோதிக்கச் சொல்வேன். அந்தப் பதினைந்து மாதிரிகளையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து, கைப்பேசி சொன்ன அளவும் ஆய்வகம் சொன்ன அளவும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்க வேண்டும். விலகல் மிகுதியாக இருந்தால் பணம் தேடுவதை அங்கேயே நிறுத்திவிடலாம்; தவறான பெயிண்ட் அடித்த அடிபம்பு, பெயிண்டே அடிக்காத அடிபம்பைவிடக் கேடானது. ஒத்துவந்தால், அந்த ஒரு பக்க அட்டவணையோடு பிப்ரவரியில் சிஎஸ்ஆர் பொறுப்பாளரைப் பார்க்கலாம். பயணத்துக்கு மட்டும் முன்னாள் மாணவர்களிடம் கேட்கலாம். பல் மருத்துவ மாணவியின் உதவித்தொகை விண்ணப்பம் தனியாகத் தன் வழியில் போகட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஊரில் ஒன்றை விசாரித்துவிட வேண்டும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஊருக்கு ஐந்து பேருக்கு, முடிந்தவரை பெண்களுக்கு, தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. அந்த ஐவர் உங்கள் ஊரில் யார், அவர்களிடம் இருக்கும் பெட்டி எங்கே, அதிலுள்ள கரைசலின் காலாவதித் தேதி என்ன என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். பெட்டியும் ஆளும் இருந்து கரைசல் மட்டும் காலாவதியாகியிருந்தால், உங்களுக்குத் தேவைப்படுவது எண்பதாயிரம் அல்ல.